ஒரே நாளில் ஒன்பது கோயிலா, கைப்பிள்ளையை வைத்துக்கொண்டா?

லீவுக்குக் காரைக்குடி வந்து இறங்கினால் போதும், வளவில் உட்கார்ந்து பெரியவர்கள் திட்டம் போட ஆரம்பித்துவிடுவார்கள். "ஒன்பது நகரக்கோயிலையும் ஒரே நாள்ல பாத்துடலாம்." நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில்கள்: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. விரல் விட்டு எண்ணுகிறவரின் இடுப்பில் பிள்ளை இருக்காது, கவனித்துப் பாருங்கள்.

பேப்பரில் கணக்கு வரும், அதுதான் வினையே. காலை 6 முதல் 12 வரை ஆறு மணி நேரம், சாயங்காலம் 4.30 முதல் 8 வரை மூன்றரை. வழி, தரிசனம் எல்லாம் சேர்த்து கோயிலுக்கு ஒரு மணி நேரம் போட்டால் அரை மணி மிச்சம்கூட வரும்! அந்த அரை மணிக்குள் ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு நாலு டயபர், மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு மதியத் தூக்கம். யார் செய்வது? அம்மாதான். சின்ன ஊர்க் கோயிலில் 12 மணிக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் நடை சாத்தியிருக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்கும் பழி டயபர் மாற்றியவள் மேல்தான்.

பதினோரு மணிக்கு மேல் பிரகாரத்துக் கல் கொதிக்கிறது. பெரியவர்கள் குதித்துக் குதித்துப் போய்விடுவார்கள். நடக்கப் பழகும் பிள்ளைக்குக் குதிக்கத் தெரியாது, நின்ற இடத்திலேயே நின்று அலறும். விரித்திருக்கும் கயிற்றுப் பாயும் தண்ணீர் தெளிக்காவிட்டால் சுடத்தான் செய்யும்.

அடுத்தது பால். காலையில் காய்ச்சியதை வெதுவெதுப்பாக பிளாஸ்கில் ஊற்றி மதியம் வரை கொடுப்பது. அந்தச் சூட்டில்தான் கிருமி பெருகும், இரண்டு மணி நேரம் தாண்டினால் கீழே கொட்டுங்கள். வெந்நீரும் பால் பவுடரும் தனித்தனியாக எடுத்துப்போய் அப்பப்போ கலக்குங்கள். வயிற்றால் போனால் உப்புசர்க்கரைக் கரைசல் (ORS பாக்கெட்) கொடுப்பதிலும் கோட்டைவிடுகிறார்கள். பெரிய பாக்கெட்டுக்கு 1 லிட்டர் தண்ணீர், சின்னதுக்கு 200 மில்லி. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிப்போய் பிள்ளைக்குக் கெடுதல்தான். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

வண்டியில்? முன்சீட்டில் ஐயா மடியில் பேரன். ஏர்பேக் வெடித்தால் முதலில் அடி வாங்குவது அந்தத் தலைதான். குழந்தை சீட்டைப் பின்னால் மாட்டச் சொன்னால் "சாமிய பாக்கப் போறோம், சாமி பாத்துக்கும்" என்று பதில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை ஐயா. 14 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திலேயே இருக்கிறது. சீட்டு கேட்டவளுக்குப் பக்தி குறைச்சலாம்!

பக்தியைப் பற்றியே பேசுவோம். உலகம் முழுக்க மயிலேறிச் சுற்றியவருக்கா பழம் கிடைத்தது? அம்மா அப்பாவை ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்தவருக்குத்தானே? அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது ஊர் ஓட வேண்டுமாம்.

அண்ணன் பிள்ளையார்பட்டியில், தம்பி பக்கத்திலேயே குன்றக்குடியில். சங்கடஹர சதுர்த்தி இல்லாத நாளாகப் பார்த்து, காலை 6 மணிக்குக் கற்பக விநாயகர் முன்னால் நில்லுங்கள். வலம்புரித் துதிக்கையைப் பிள்ளைக்குக் காட்ட நிதானமாக நேரம் கிடைக்கும். நல்லெண்ணெய் தடவிய இட்லியை மரத்தடியில் ஊட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் குன்றக்குடிப் படி ஏறி இறங்கினால் பத்து மணிக்கு வீடு, தொட்டில், தூக்கம். மிச்ச எட்டுக் கோயிலுக்கும் ஆசைப்பட்டவர்கள் தனி வண்டி வைத்துப் போய்வரட்டும். திருநீறு கொண்டுவந்தால் பூசிக்கொள்கிறோம்.