பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த தேதி

2025 டிசம்பர் 8. இந்தத் தேதி இந்தியக் கால்பந்தை நிர்வகிக்கும் ஒவ்வொருவருக்கும் 2010-லேயே தெரியும். அந்த ஆண்டு டிசம்பரில்தான் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளைக் கொடுத்து, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 700 கோடி ரூபாய்க்குப் பதினைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த ஒப்பந்தத்தின் மேல்தான் 2014-ல் இந்தியன் சூப்பர் லீக்கையே கட்டினார்கள். அது என்றைக்கு முடியும் என்பதைக் கண்டுபிடிக்க ஜோசியர் தேவையில்லை. சென்னையில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகை வீட்டில் இருப்பவன்கூட ஒன்பதாவது மாதமே வீட்டுக்காரரிடம் பேசிவிடுவான். பதினைந்து ஆண்டு அவகாசம் இருந்த இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

2025 ஜூலை 11 அன்று லீக்கை நடத்தும் நிறுவனத்திடமிருந்து கிளப்புகளுக்குக் கடிதம் போனது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாததால் சீசன் நிறுத்திவைக்கப்படுகிறது என்றார்கள். செப்டம்பரில் தொடங்க வேண்டிய லீக்! வீரர்கள் பயிற்சி முகாமுக்குப் பெட்டி கட்டும் நேரம்! மழையோ கலவரமோ தொற்றுநோயோ இல்லை. கோவிட் காலத்தில்கூட பார்வையாளர்கள் இல்லாமல் கோவாவில் பூட்டிய மைதானங்களில் ஆட்டங்களை நடத்தி முடித்தவர்கள், ஒரு காகிதம் காலாவதியாகப் போகிறது என்பதற்காக நாட்டின் முதல்நிலை லீக்கையே நிறுத்தினார்கள்.

உடனே நீதிமன்றத்தைக் காட்டுவார்கள். கூட்டமைப்பின் சட்ட விதிகள் குறித்த வழக்கு நிலுவையில் இருந்தது, அது முடியும்வரை புதிய ஒப்பந்தம் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வழக்கு எப்போதிலிருந்து நடக்கிறது? 2017-லிருந்து! அதே குழப்பத்தால் 2022 ஆகஸ்டில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியாவுக்குத் தடையே விதித்தது. உலகத்தின் முன் தலைகுனிந்த பிறகாவது வீட்டைச் சரிசெய்திருக்க வேண்டாமா? மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்டில், ஃபிஃபா மறுபடியும் எச்சரிக்கைக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. செப்டம்பரில் நீதிமன்றம் விதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் லீக்கின் வணிக உரிமைக்கு டெண்டர். நவம்பர் 7 கடைசி நாள். எத்தனை பேர் கேட்டார்கள் தெரியுமா? ஒருவர்கூட இல்லை.

ஏன் வருவார்கள்? ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 37.5 கோடி ரூபாய் கொடு, நஷ்டத்தை நீ சுமந்துகொள், முடிவெடுக்கும் அதிகாரத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதே என்றால் எந்த வியாபாரி வருவான்? பத்து ஆண்டுகளுக்கு மேலாகக் கிளப் முதலாளிகள் பணத்தை இழந்துகொண்டே இருப்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே இப்படி ஒரு டெண்டரை எழுதியிருக்கிறார்கள். டிசம்பர் 7 அன்று கோவாவில் சூப்பர் கோப்பை இறுதிப் போட்டி முடிந்தது. மறுநாள் ஒப்பந்தமும் முடிந்தது. அதன் பிறகு வெற்றிடம்தான்.

இதில் என் வயிற்றெரிச்சல் முழுவதும் வீரர்களுக்காகத்தான். ஆகஸ்டிலேயே பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. அடுத்து நம் சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. ஒரு கால்பந்து வீரன் எத்தனை ஆண்டுகள் ஆட முடியும்? பத்து, பன்னிரண்டு. அதிலும் முழங்கால் ஒத்துழைத்தால்தான். அந்தப் பத்தில் ஒன்றை எடுத்து வீசிவிட்டார்கள். 2018-ல் கோப்பை வென்ற சென்னை அணியின் நடுக்கள வீரர் தன்பால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். மைக்கேல் சூசைராஜ் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்தவர். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றை கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. வசதியான வீடுகளின் பிள்ளைகள் கால்பந்தைத் தொழிலாக எடுப்பது அரிது. மீன்பிடிக் கிராமத்திலும் வடசென்னைச் சந்திலும் ஒரு பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும்போது, அவன் அம்மா எதை நம்பி அனுப்புவாள்? லீக்கே நடக்குமா என்று தெரியாத ஆட்டத்தை நம்பியா?

2026 ஜனவரி தொடக்கத்தில் இந்திய அணி வீரர்களான சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் ஆகியோர் சேர்ந்து ஒரு காணொளி வெளியிட்டார்கள். தலையிட்டுக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் வேண்டினார்கள். பார்த்தபோது தொண்டை அடைத்தது. நாட்டுக்காக அதிக கோல் அடித்த சேத்ரி, ஓய்வு பெற்ற பிறகும் நாற்பது வயதில் திரும்பி வந்து நீலச் சட்டை போட்டவர், தன் தொழிலைச் செய்ய அனுமதியுங்கள் என்று கெஞ்சும் நிலைக்கு யார் கொண்டுவந்தது? அவர்களுக்காவது பெயர் இருக்கிறது. மாற்று வீரர்களின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன் காணொளி வெளியிட்டால் யார் பார்ப்பார்கள்?

இதற்கு நடுவில், ஒப்பந்தம் முடிந்த அதே டிசம்பரில், மெஸ்ஸி வந்தார். கொல்கத்தா, ஹைதராபாத், மும்பை, டெல்லி. ஆட்டம் ஆட வரவில்லை, கையசைக்க வந்தார். கொல்கத்தாவில் ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அவருடைய தலைமுடிகூடத் தெரியவில்லை. சுற்றிலும் பிரமுகர்கள், அரசியல்வாதிகள், செல்ஃபிக்காரர்கள். ரசிகர்கள் நாற்காலிகளைப் பிய்த்து எறிந்தார்கள். பொருட்களை உடைத்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் மோகன் பகான் லீக் கோப்பையைத் தூக்கியதும் அதே சால்ட் லேக் மைதானத்தில்தான். லீக்கே இல்லாத நாட்டில், பந்தை உதைக்காத ஒரு நிகழ்ச்சிக்குப் பணம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, அமைச்சர்களுக்கு நேரம் இருக்கிறது!

ஹைதராபாத்தை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. 2022-ல் லீக் சாம்பியன். இன்று அந்த அணியே அங்கு இல்லை. பெயர் மாற்றி டெல்லிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு முன் புனே அணி கலைக்கப்பட்ட இடத்தில்தான் ஹைதராபாத் வந்தது. ரஹீம் சாகிபின் ஊர் அது. 1956 ஒலிம்பிக்கில் இந்தியாவை அரையிறுதிக்கும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கும் அழைத்துச் சென்ற பயிற்சியாளர். அந்த ஊரின் ரசிகனிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? அணி என்பது முதலாளியின் சொத்து, எங்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், அடுத்து எந்த ஊர்?

எனக்கு இந்தப் பயம் ஏன் என்று கேட்பவர்களுக்கு 2015 டிசம்பரை நினைவூட்டுகிறேன். வெள்ளத்தில் சென்னை மூழ்கியது. அரையிறுதியின் நம் சொந்த மைதான ஆட்டம்கூட புனேக்கு மாற்றப்பட்டது. இறுதிப் போட்டியில் கோவாவுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் 2-1 என்று பின்தங்கியிருந்தோம். கோவா கோல் கீப்பரின் கையில் பட்டு உள்ளே போன சுய கோல், அடுத்து நம் மெண்டோசாவின் கோல், 3-2. சேறு அள்ளிக்கொண்டிருந்த நகரத்துக்கு அந்த இரவு ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தது. 2018-ல் பெங்களூரு போய் அவர்கள் மைதானத்திலேயே அவர்களை வென்று இரண்டாவது கோப்பை. இதையெல்லாம் அனுபவித்தவனிடம் வந்து, "கிரிக்கெட் இருக்கிறதே, அதைப் பாரேன்" என்கிறார்கள். எனக்குக் கிரிக்கெட் மேல் பகை கிடையாது. ஆனால் இது என் அணி.

தேசிய அணியைப் பற்றிச் சொல்லவே நா கூசுகிறது. 2025 நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 தோல்வி. அப்போது உலகத் தரவரிசையில் 142. 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி இல்லை. லீக் நின்றதால்தான் எல்லாம் என்று சொல்லமாட்டேன். ஜூனிலேயே ஹாங்காங்கிடம் தோற்றோம், அப்போது சீசன் முழுதாக முடிந்திருந்தது. ஆனால் விழுந்து கிடப்பவனை நிற்க வைக்க வேண்டிய நேரத்தில் அவன் காலையும் கட்டிப் போட்டார்களே!

கடைசியில், 2026 ஜனவரி 6 அன்று, விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும், 14 கிளப்புகளும் ஆடும், 91 ஆட்டங்கள் என்றார். எல்லோரும் நன்றி சொல்கிறார்கள். எதற்கு நன்றி? அதற்கு முந்தைய சீசனில் ஓர் அணி லீக்கில் 24 ஆட்டங்கள் ஆடியது. 2026 சீசனில் 13! ஒவ்வோர் எதிரணியுடனும் ஒரே ஒரு முறை. நம் ஊரில் ஓர் அணியைச் சந்தித்தால் அவர்கள் ஊரில் சந்திக்க முடியாது. ஆசிய அளவிலான கிளப் போட்டிகளுக்குத் தகுதி பெற ஆசியக் கூட்டமைப்பு கேட்கும் குறைந்தபட்ச ஆட்டங்களே 24. அந்த விதியிலிருந்து விலக்குக் கேட்டு நிற்கும் நிலைமையை உண்டாக்கிவிட்டு, லீக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டுகிறார்கள். மும்பை சிட்டியிலிருந்து, மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரான சிட்டி கால்பந்துக் குழுமம் வெளியேறியதற்கு யார் பொறுப்பு? கேரளா பிளாஸ்டர்ஸின் உருகுவே வீரர் லூனா இந்தோனேசியாவில் ஆடப் போனதற்கு யார் பொறுப்பு? கூட்டமைப்பின் தலைவர் கல்யாண் சௌபே முன்னாள் கோல் கீப்பர். ஆட்டம் இல்லாத சீசன் ஒரு வீரனுக்கு என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீசன் அறிவிக்கப்பட்டபோதும் அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் என்றால் நான் நிச்சயம் போவேன், தொண்டை கிழியக் கத்துவேன். ஆனால் வீரர்களுக்குக் கிடைக்காத சம்பள மாதங்களை யார் ஈடுகட்டுவது என்று கூட்டமைப்பு எழுத்தில் சொல்ல வேண்டும். அடுத்த சீசனின் முழு அட்டவணை, இரு சுற்று ஆட்டங்களுடன், இந்தச் சீசன் முடிவதற்குள் வெளியாக வேண்டும். ஒப்பந்தத்தைத் தூங்கவிட்டவர்கள் யார் யார் என்பதையும் பெயர் சொல்லி வெளியிடட்டும்.