14 பேர், ஒரு மைக்

(பாங்காக், ஹுவாய் குவாங். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நடைபாதையில் சோம்தாம் கடை, உரலில் பப்பாளிக்காய் இடிபடும் சத்தம். பிளாஸ்டிக் ஸ்டூலில் இருவர். நொய் அக்காவுக்குக் கணக்குப் பிரிவில் 22 வருஷ சர்வீஸ். பேங்க் அதே பிரிவில் 5 மாசம். கணக்குப் பிரிவில் இருப்பதால் வந்த பெயரல்ல அது, அம்மா வைத்த செல்லப்பெயர். கோல்ஃப், பீர் என்றெல்லாம் பிள்ளைகளைக் கூப்பிடும் ஊர்.

மூத்தவர்களை அங்கே அழைக்கும் சொல்லை நம் எழுத்தில் அப்படியே எழுதினால் படிப்பவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். அர்த்தம் அக்காதான், அக்கா என்றே இருக்கட்டும். பேச்சின் கடைசியில் ஆண்கள் மரியாதைக்குச் சேர்க்கும் 'க்ரப்' மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பேங்க் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான்.)

பேங்க்: அக்கா, மாசக் கடைசி வெள்ளிக்கிழமை கராவோக்கேவுக்கு இடம் பாக்கற வேலைய மேனேஜர் என் தலையில கட்டிட்டார்.

நொய்: புதுசா வர்றவங்க தலையிலதான் கட்டுவாங்க. உனக்கு முன்னாடி இருந்த பையனும் இடம் பாத்தான்.

பேங்க்: இப்ப எங்க இருக்கார்?

நொய்: வேற கம்பெனியில.

பேங்க்: பரவால்லக்கா, நான் எல்லாரையும் கேட்டுத்தான் முடிவு பண்ணப் போறேன். லைன் ஆப் குரூப்புல போட்டுட்டேன். 9 பேரு 'அராய் கோ தாய்', எதுவானாலும் சரின்னுட்டாங்க. மேனேஜர் 'உன் இஷ்டம்'னார். ரெண்டு பேரு கரடி ஸ்டிக்கர் போட்டாங்க. ஒருத்தர் மட்டும் படிச்சிட்டுப் பதிலே போடல.

நொய்: யாரது, இவ்வளவு திமிரு?

பேங்க்: நீங்கதான்க்கா.

நொய்: சாப்பிட்டுக்கிட்டிருந்திருப்பேன். அது கெடக்கட்டும், கரடி என்ன பண்ணுது?

பேங்க்: ஒரு கரடி குனிஞ்சு கும்புடுது.

நொய்: அப்படின்னா வேண்டாம்னு அர்த்தம்.

பேங்க்: இன்னொண்ணு கட்டைவிரலத் தூக்கிக் காட்டுது.

நொய்: அதுவும் வேண்டாம்தான். வாயால சொல்லக் கூச்சம், அதான் கரடிய அனுப்புறாங்க.

பேங்க்: அப்ப எதுவானாலும் சரின்னு சொன்ன 9 பேரு?

நொய்: நீ ஒரு இடத்தச் சொல்ற வரைக்கும்தான் அவங்களுக்கு எதுவானாலும் சரி. சொல்லிப் பாரு.

பேங்க்: சொல்றேன். ஊருக்கு வெளிய, நெடுஞ்சாலை ஓரமா ஒண்ணு. ரூம் வாடகையே கிடையாதாம்! வாசல் பூரா கலர் கலரா சீரியல் பல்பு.

நொய்: தகரக் கூரையா?

பேங்க்: ஆமா.

நொய்: வாசல்ல வரிசையா பொண்ணுங்க உக்காந்து போன் நோண்டிக்கிட்டிருந்தாங்களா?

பேங்க்: ஆமாக்கா! பாடறதுக்கு முறை வெச்சுக் காத்திருக்காங்கன்னு நெனச்சேன்.

நொய்: அடப்பாவி. அவங்க பாட வரல, பக்கத்துல உக்கார வந்தவங்க. அவங்க குடிக்கிற ஒவ்வொரு கிளாஸும் உன் பில்லுல ஏறும். ரூம் ஏன் இலவசம்னு இப்பப் புரியுதா? நம்ம நாட்டுல கராவோக்கேன்னு போர்டு வெச்சா ரெண்டு அர்த்தம் தம்பி. மாலுக்குள்ள இருந்தா ஒண்ணு, ரோட்டோரம் பல்பு போட்டிருந்தா இன்னொண்ணு.

பேங்க்: எங்க ஊர் உபோன்லயும் இப்படி ஒரு கடை உண்டு. அந்தப் பக்கம் பைக்கு திரும்பினாலே அம்மா அப்பாவ முறைப்பாங்க. பாட்டு பிடிக்காது போலன்னு இத்தனை வருஷம் நெனச்சிட்டிருந்தேன்.

நொய்: நம்ம கிடங்கு கோல்ஃபோட பொண்டாட்டி எப்பவும் லொக்கேஷன் அனுப்பச் சொல்லுவா. அனுப்பினா வீடியோ கால் வரும். கேமராவ அறை மூலை மூலையா சுத்திக் காட்டணும். போன வருஷம் மேசைக்கு அடியிலகூடக் காட்டினோம்.

பேங்க்: அப்ப சீலோம் பக்கம் 'தனியா'ன்னு ஒரு தெரு இருக்கே? பூரா ஜப்பான் எழுத்து போர்டு. கராவோக்கே பொறந்ததே ஜப்பான்லதானே, ஒரிஜினலா இருக்கும்னு...

நொய்: அங்க வாசல்ல நீளமா கவுன் போட்டுக்கிட்டு நிக்கிறவங்க யாரு?

பேங்க்: ...க்ரப்.

நொய்: அந்தத் தெருவுக்கு ஆபீஸோட யாரும் போறதில்ல. தனியாத்தான் போவாங்க.

பேங்க்: சரி, மாலுக்கே வந்துடறேன். காசு போட்டுப் பாடற கண்ணாடிப் பெட்டி இருக்கே. ஏசி, ரெண்டு மைக்கு, தொடு திரை. குடும்பத்தோட வர்றாங்க, பள்ளிக்கூடப் பசங்க வர்றாங்க. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

நொய்: எத்தன பேரு உக்காரலாம்?

பேங்க்: 3 பேரு. மூச்ச இழுத்துப் பிடிச்சா 4.

நொய்: நாம 14.

பேங்க்: ஷிஃப்ட் போட்டுக்கலாம்.

நொய்: 10 மணிக்கு மால மூடிடுவான். மேனேஜர் உள்ள போனா ரெண்டாவது ஷிஃப்ட்டே கிடையாது. அடுத்தது சொல்லு.

பேங்க்: கடைசியா ஒண்ணு. ரத்சதா ரோட்டுல சாப்பாட்டுக் கடை. மாடியில விஐபி ரூம், 20 பேரு உக்காரலாம். கோழிக் குருத்தெலும்பு வறுவல் நல்லா இருக்குமாம்.

நொய்: (முதல் தடவையாக நிமிர்ந்து) மொறுமொறுன்னா?

பேங்க்: மொறுமொறுன்னு.

நொய்: இது ஏன் கடைசியில வருது? சரி, மேனேஜர் வீட்டுலேர்ந்து விஸ்கி எடுத்துட்டு வருவார். பாட்டில் தொறக்கக் காசு கேப்பானா?

பேங்க்: 300 பாட். சோடா, ஐஸ் தனி.

நொய்: நம்ம பயிற்சிப் பொண்ணுக்கு 19 வயசு. அவள உள்ள விடுவானா?

பேங்க்: சாப்பாட்டுக் கடைதானேக்கா?

நொய்: கீழ சாப்பாட்டுக் கடை. மாடியில லைசென்ஸ் என்னன்னு யாருக்குத் தெரியும்? கேளிக்கைக் கடைன்னா 20 வயசு ஆகணும். வாசல்ல அடையாள அட்டை கேப்பான். 2008 மதுச் சட்டத்துலயும் 20 வயசு ஆகாதவங்களுக்கு விக்கக் கூடாது. அவள மட்டும் கீழ ஒத்தையா உக்கார வெச்சு குருத்தெலும்பு தின்னச் சொல்வியா?

பேங்க்: க்ரப்.

நொய்: அடுத்தது பீர்.

பேங்க்: பீர் கிடைக்கும்க்கா.

நொய்: குடிக்கற பீர் இல்ல, கொள்முதல் பிரிவு பீர். மழைக்கால விரதம் ஆரம்பிச்ச அன்னிக்கு 3 மாசம் சொட்டுகூடத் தொடறதில்லன்னு சத்தியம் பண்ணியிருக்கான். எதிர்ல ஐஸு கிளாஸுல விழற சத்தம் கேட்டாலே அவனுக்குக் கண்ணு கலங்குது.

பேங்க்: ஓரமா உக்காத்தி வெச்சுடலாம்.

நொய்: ஓரத்துலதான் ஐஸ் வாளி இருக்கும். அப்புறம் கெழமை. மாசக் கடைசி வெள்ளி, சம்பள நாளு, சாயங்காலம் மழை. இந்த மூணும் சேந்த அன்னிக்கு ரத்சதா ரோட்டுல கார்ல ஏறினா, பார்ட்டி கார்லயே முடிஞ்சிடும்.

பேங்க்: மெட்ரோவுல போயிடலாம்க்கா. அதவிட முக்கியமான விஷயம், அங்க பாட்டு லிஸ்ட் ரொம்ப பெருசாம்.

நொய்: சுந்தராபோன் இருக்கா?

பேங்க்: அது யாரு? புது ராப் குரூப்பா?

நொய்: 1939-ல ஆரம்பிச்ச இசைக்குழுடா! மேனேஜருக்கு அத விட்டா வேற பாட்டே கிடையாது. பழைய மெஷின்ல இருக்காதுன்னு போன வருஷம் யூடியூப் வெச்ச ரூமுக்குப் போனோம். மூணாவது பாட்டு, கண்ண மூடி உருகிக்கிட்டிருக்கார், நடுவுல விளம்பரம் வந்துடுச்சு. கண்ண மூடியிருந்ததால அவருக்குத் தெரியல. சலவைத்தூள் விளம்பரத்தோட ராகத்துல ரெண்டு வரி பாடிட்டார்.

பேங்க்: நீங்கல்லாம் என்ன பண்ணீங்க?

நொய்: கை தட்டினோம். வேற என்ன பண்ண முடியும்? மார்க்குதான் இன்னும் மோசம். பாட்டு முடிஞ்சா திரையில மார்க்கு வருதுல்ல, அவருக்கு 62. அடுத்து நம்ம ஆளு ஒருத்தன் பாடினான், 98. எக்காளம் ஊதுது, திரை பூரா பூ கொட்டுது. ஒருத்தரும் கை தட்டல.

பேங்க்: யாரந்த ஆளு?

நொய்: அதான் சொன்னேனே, வேற கம்பெனியில இருக்கான்னு. அதனால போன் பண்ணினா மொத வாடகைய விசாரிக்காத. மார்க்க அணைக்க முடியுமான்னு கேளு.

பேங்க்: நீங்க என்னக்கா பாடுவீங்க?

நொய்: (பப்பாளியை விட்டுவிட்டு) பும்புவாங். நான் சுபன்புரிக்காரி, வேற யாரப் பாடுவேன்? லுக் துங்குன்ற கிராமத்துப் பாட்டுக்கு அவங்கதான் மகாராணி. 1992-ல செத்துப்போனாங்க. இன்னிக்கும் எங்க ஊர்ப் பக்கம் தப் கிரதான் கோயில்ல அவங்க சிலைக்குக் கூட்டம் அலைமோதுது.

பேங்க்: பாட்டு கேக்கவா?

நொய்: லாட்டரி நம்பர் கேக்க. நானும் கேட்டேன், ஒரு நம்பர்ல தவறிப்போச்சு. ஆனா ஒண்ணு தம்பி, அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது படிச்சுக் காட்டக் காதால கேட்டே அத்தனை பாட்டும் மனப்பாடம். உங்களுக்கெல்லாம் திரையில எழுத்து ஓடுது, கலர் மாறி எடுத்துக் குடுக்குது, அப்பவும் தப்பா பாடறீங்க.

பேங்க்: போன வருஷம் பாடினீங்களா?

நொய்: 22 வருஷத்துல மைக்கு என் கைக்கு ரெண்டு தடவ வந்திருக்கு. ரெண்டு தடவையும் மேனேஜர் பாத்ரூம் போயிருந்தார். ரெண்டு தடவையும் சீக்கிரம் வந்துட்டார்.

பேங்க்: ஐயோ. சரி, காசு எப்படி? அமெரிக்கன் ஷேரா?

நொய்: ஆளாளுக்குச் சமமாப் பங்கு போடறதுக்கு அமெரிக்காக்காரன் பேரு எதுக்குன்னு எனக்கு இன்னும் விளங்கல. இல்ல, மேனேஜர்தான் குடுப்பார். குடுக்கறவர் கையிலதான் மைக்கும் இருக்கும்.

பேங்க்: அக்கா, எனக்குத் தல சுத்துது. சாயங்காலம் சந்திப் பிள்ளையாருக்கு மாலை வாங்கிச் சாத்தப் போறேன்.

(ஹுவாய் குவாங் நாற்சந்தியில் நிஜமாகவே பிள்ளையார் இருக்கிறார். நம்மூர்போல இடையூறு நீக்குவதோடு அங்கே அவருக்குக் கலைத்துறையும் கூடுதல் பொறுப்பு.)

நொய்: சாத்து. நுண்கலைத் துறை முத்திரையிலயே இருக்கறவராச்சே. ஆனா மேனேஜர் பாட்டுக்கெல்லாம் அவர் பொறுப்பேத்துக்க மாட்டார்.

பேங்க்: இருங்க, ஒண்ணு கேக்கறேன். நம்ம 14 பேருல நெஜமாவே பாடறவங்க யாரு?

நொய்: மேனேஜர்.

பேங்க்: அப்புறம்?

நொய்: பீர் குடிச்சாத்தான் பாடுவான், இப்ப விரதம். கோல்ஃபுக்கு வீடியோ கால் பேசவே நேரம் சரியா இருக்கும். பயிற்சிப் பொண்ணு பயத்துல வாயே தொறக்க மாட்டா. மத்தவங்க சாப்பிட வர்றாங்க.

பேங்க்: அப்ப ஒரே ஒரு ஆளுக்கா 20 பேரு ரூமு?

(இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. உரல் மட்டும் இடிக்கிறது.)

நொய்: அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு எதிர்ல என்ன இருக்கு?

பேங்க்: சுக்கிக் கடை. மேசையிலயே சூப்பு கொதிக்க வெச்சுச் சாப்பிடலாம். பெரிய மேசை போட்டுத் தருவாங்க.

நொய்: 19 வயசுப் பொண்ணு உக்காரலாம். கோல்ஃப் பொண்டாட்டிக்கு மால்னு லொக்கேஷன் போகும். பீர் சூப்பு குடிப்பான். மழை பெஞ்சாலும் ரயில்லயே போய் எறங்கிக்கலாம். மேனேஜர் பெட்டிக்குள்ள. கண்ணாடிதானே, இங்கேர்ந்தே கை தட்டினா அவருக்குத் தெரியும். அவர் சத்தம் நமக்குக் கேக்காது.

பேங்க்: விஸ்கி?

நொய்: மைக்க வெச்சாத்தானே கிளாஸ எடுக்க முடியும்? அவர் வைக்க மாட்டார்.

பேங்க்: அக்கா, நீங்க எங்கேயோ இருக்க வேண்டியவங்க.

நொய்: ஆனா அவர ஒத்தையா உள்ள விட்டா நல்லா இருக்காது. மரியாதைக்காவது ஒரு ஆளு கூட உக்காரணும். ரெண்டாவது மைக்கப் பிடிச்சுக்கிட்டு, மார்க்கு வர்றப்ப திரைய மறைச்சுக்கிட்டு.

பேங்க்: யாருக்கா?

(நொய் அக்கா அவனையே பார்க்கிறார்.)

பேங்க்: ...க்ரப். அப்ப நீங்க சுக்கிக் கடையில பெரிய மேசையப் பாத்துக்குவீங்களா?

நொய்: மேசை எங்க ஓடிப்போகுது? அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல இன்னொரு பெட்டி உண்டுன்னு சொன்னியா?

பேங்க்: நான் சொல்லலையேக்கா.

நொய்: இருக்கும். நான் பாத்திருக்கேன். நேத்து சாயங்காலம்கூடக் காலியாத்தான் இருந்துச்சு. அதுல பும்புவாங் பாட்டு 41 இருக்கு.

(பேங்க் மெதுவாகப் போனை எடுக்கிறான். ஏதோ தட்டுகிறான். நொய் அக்காவின் பையில் 'டிங்'. எடுத்துப் பார்க்கிறார். கரடி. குனிந்து கும்பிடுகிறது.)

நொய்: சரின்னுட்டியா! நல்ல பையன். (கடைக்காரம்மாவிடம்) அம்மா, இவனுக்கு ஒரு சோம்தாம், என் கணக்கு. மொளகா கொஞ்சம் கொறைங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் தொண்டை வேணும்.