இன்காக்னிட்டோ மட்டும் போதாது

பிரவுசரில் இன்காக்னிட்டோ என்ற தனி ஜன்னலைத் திறந்து தேடினால் யாருக்கும் தெரியாது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. அந்த ஜன்னல் நம் கணினியில் ஹிஸ்டரியைச் சேமிக்காது, அவ்வளவுதான். நம் ஐபி முகவரியும் (நம் இணைய இணைப்பின் எண்), எதைக் கிளிக் செய்தோம் என்பதும் தேடுபொறிக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், பையனுடைய ஸ்காலர்ஷிப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். தேடல் முடிவில் லிங்கை காப்பி செய்து ஒட்டினால் நாலு வரி நீளம்! "என்னப்பா இது, ரேஷன் கடை க்யூ மாதிரி" என்று சிரித்தார். அரசுத் தளத்தின் முகவரி நடுவில் எங்கோ சதவீதக் குறிகளுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட லிங்கில் கிளிக் முதலில் தேடுபொறியின் வாசலில் பதிவாகி, அப்புறம்தான் அந்தத் தளத்துக்குப் போகும். லிங்க் சின்னதாகத் தெரிந்தாலும் நம்ப முடியாது. இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல் மொழியில் பிங் என்று ஒரு வசதி உண்டு. கிளிக் செய்த தகவலைச் சத்தமில்லாமல் தேடுபொறிக்கு அனுப்பிவிடும். குரோம் அதை அனுமதிக்கிறது, ஃபயர்பாக்ஸில் முதலிலிருந்தே அணைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

கடையில் இப்போது ஃபயர்பாக்ஸும், விளம்பரங்களையும் கண்காணிப்பையும் தடுக்கும் யுபிளாக் ஆரிஜின் நீட்சியும்தான். தேடுபவரைப் பின்தொடராத தேடுபொறி என்று சொல்லப்படும் டக்டக்கோவும் போட்டிருக்கிறேன். தமிழில் தேடினால் கொஞ்சம் திணறுகிறது, மறைப்பானேன். அதைவிட முக்கியம், வேலை முடிந்ததும் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறுவது. நேற்றும் ஒரு தம்பி மறந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து உட்கார்ந்த பெரியவர், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மூட்டு வலிக்கு எந்த நாள் பார்ப்பார்கள் என்று கூகுளில் தேடினார். அது தம்பியின் கணக்கில் ஏறியிருக்கும்.