ஒன்பது நிமிட ஆய்வு எதை அளந்தது?

‘ஸ்பாஞ்ச்பாப்’ கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்தாலே குழந்தையின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படும், இது ஆய்வில் நிரூபணமானது என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆய்வு உண்மையானதுதான். ஆனால் ‘நிரந்தரம்’ என்ற முடிவு அதில் இல்லை.

அது 2011இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலின் லில்லார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வேகமாக நகரும் அந்தக் கார்ட்டூனையும், இன்னொன்று நிதானமான கல்வி நிகழ்ச்சியையும் பார்த்தது. மூன்றாவது குழு படம் வரைந்தது. முடிந்த கையோடு சோதனைகள்: ‘தலையைத் தொடு’ என்றால் பாதத்தைத் தொட வேண்டும், எண்களைப் பின்னிருந்து சொல்ல வேண்டும், காத்திருந்தால் கூடுதல் தின்பண்டம். (கடைசிச் சோதனையில் பெரியவர்களே தேறுவது சந்தேகம்!) கார்ட்டூன் பார்த்தவர்கள் படம் வரைந்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். இது கவனிக்க வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அளந்தது அந்த நேரத்துக் கவனத்தையும் சுயக்கட்டுப்பாட்டையும் மட்டுமே. மறுநாளோ அடுத்த மாதமோ அதே குழந்தைகளை யாரும் மறுபடி சோதிக்கவில்லை. மூளையை ஸ்கேன் செய்யவும் இல்லை. அப்புறம் எப்படி நிரந்தரப் பாதிப்பு என்று சொல்வது?

நீங்களே பார்த்துவிடலாம். மருத்துவ ஆய்வுகளைத் தேட உதவும் பப்மெட் (PubMed) தளத்தில் Lillard, Peterson, 2011 என்று தேடினால் ஆய்வுச் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். சோதனை எப்போது நடந்தது என்ற வரியை மட்டும் படித்தால் போதும்.