திருத்தந்தையின் (போப்பாண்டவரின்) இல்லம் எப்போதும் வத்திக்கானா?

“புனித பேதுரு காலந்தொட்டு திருத்தந்தையர் அனைவரும் வத்திக்கானில்தான் வாழ்ந்தார்கள்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

4ஆம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் உரோமை ஆயருக்கு, அதாவது திருத்தந்தைக்கு, கொடுத்தது உரோமையிலுள்ள லாத்தரன் மாளிகை. ஏறத்தாழ 1,000 ஆண்டுகள் அதுவே திருத்தந்தையரின் இல்லம். எவ்வளவு நீண்ட காலம்! அதை மறப்பது பெரிய இழப்பு. 1309இல் அவர்கள் இன்றைய பிரான்சின் அவிஞோன் நகருக்குப் போனார்கள். 1377இல் திருத்தந்தை பதினோராம் கிரகோரி உரோமைக்குத் திரும்பியபோது, தீ விபத்துகளால் லாத்தரன் சிதைந்திருந்தது. வத்திக்கான் இல்லமானது அதன் பிறகுதான். பின்னாளில் உரோமையின் குயிரினால் மாளிகையிலும், 1870 வரை, பலர் தங்கியிருக்கிறார்கள்.

பழைய லாத்தரன் மாளிகையைத் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் இடித்துவிட்டார். இன்று நிற்பது, அவருக்காக கட்டடக் கலைஞர் தொமெனிகோ ஃபொந்தானா கட்டிய புதிய மாளிகை. உரோமை ஆயரின் பேராலயமும் புனித பேதுரு பெருங்கோவில் அல்ல; இந்த மாளிகையின் பக்கத்திலுள்ள லாத்தரன் பேராலயமே.