அப்பாவின் பல்லும் எச்சிலில் வாழும் வைரஸும்

போன வாரம் அப்பாவுக்குப் பல்வலி. கன்னம் வீங்கி, கஞ்சிகூட இறங்கவில்லை. நேராக அலமாரி மேலிருந்த மைலோ டின்னை எடுத்துத் திறந்தார். போன வருஷம் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாடிக் கேப்சூலில் ஏழு மிச்சம் இருந்தது. அன்று வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்து அனுப்பினார்கள். வலி நின்றதும் அப்பாவும் பாதியில் நிறுத்திவிட்டார். தோட்டத்தில் வளர்ந்த எத்தனை வீடுகளில் இப்படி ஒரு டின் இருக்கிறது! எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆன்டிபயாடிக் தாக்குவது பாக்டீரியாவை. மனித வாயில் வாழக்கூடிய பாக்டீரியா 700 வகைக்கு மேல். அவற்றைத் தாக்கவென்றே தனி வைரஸ்கள் உண்டு, பேஜ் என்று பெயர். 1915-இல் லண்டனில் டுவார்ட் என்ற ஆய்வாளர் இவற்றின் வேலையைக் கவனித்தார். 1917-இல் பாரிஸில் டெரெல் என்ற ஆய்வாளர் பெயர் வைத்தார். ஒரு மில்லி எச்சிலில் சுமார் 10 கோடி வைரஸ் துகள்கள் இருக்கும், அதில் பெரும்பாலானவை பேஜ்தான். கோவிட்டுக்குப் பிறகு வைரஸ் என்றாலே நமக்கு நடுக்கம். ஆனால் இவை நம் உடம்பு உயிரணுக்களைத் தொற்றுவதில்லை. பாக்டீரியாவின் சுவரில் ஒட்டி, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும். அப்புறம் அந்த பாக்டீரியாவுக்குள்ளேயே பல மடங்காகப் பெருகி, அதை வெடிக்க வைத்து வெளியே வரும். சில பேஜ்கள் வெடிக்க வைக்காமல் உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு.

அம்மா செம்பனைத் தோட்டத்தில் பல வருஷம் மருந்தடித்தவர். மருந்து பட்ட இடத்தில் களையும் கருகும், பக்கத்தில் இருக்கும் நல்ல செடியும் கருகும் என்பார். ஆன்டிபயாடிக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். பேஜ் கையால் களை பிடுங்குவது மாதிரி. பல்லைச் சொத்தையாக்கும் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவின் பேஜ், அதைத் தேடித்தான் போகும். வேர் சிகிச்சை செய்த பல்லில் திரும்பத் திரும்ப வரும் என்டரோகாக்கஸ் கிருமிக்கு எதிராக, 2015-இல் ஜெருசலேம் ஆய்வாளர்கள் சாக்கடை நீரிலிருந்து ஒரு பேஜைப் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். இந்த பேஜ் சிகிச்சை இன்னும் நம் பல் கிளினிக்குக்கு வந்து சேரவில்லை. வரவேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன்.

அதற்காக எல்லா பேஜும் நல்லது என்று சொல்லமாட்டேன். லயத்து வீட்டில் தொண்டை அடைப்பானில் தன் தம்பி போனதைப் பாட்டி சொல்லி அழுவார். அந்த டிப்தீரியா கிருமி தானாக விஷம் சுரப்பதில்லை. விஷத்துக்கான மரபணுவை அதற்குள் கொண்டுவந்து வைப்பதே ஒரு பேஜ்தான். 1951-இல் ஃப்ரீமன் என்ற ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்தார். பாட்டி தம்பியின் தொண்டைக்குள் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற சொந்தக்காரர்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

ஒரே வீட்டில் வாழ்கிறவர்களின் வாய் வைரஸ்களில் ஒற்றுமை இருப்பதை 2013-இல் கலிபோர்னியா ஆய்வொன்று காட்டியது. அப்படியென்றால் அப்பாவின் வாயில் இருப்பதில் கொஞ்சம் என் வாயிலும் இருக்கும்.

சரி, அப்பாவை அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பல்லைத் திறந்து சீழை வடித்தார்கள். அன்று ராத்திரியே தூங்கினார். செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஏழு கேப்சூலையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன், மருந்து கவுண்டரில் திருப்பிக் கொடுக்க.