செடியைப் பிடுங்கிவிட்டுச் செடியைப் பற்றிப் பாடமா?

பள்ளிக்கூட விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்ததுதான், மறுபடி விவரிக்கவில்லை. பெயரும் சொல்லப்போவதில்லை. ஆண்டு விழாவுக்கு வளாகம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று, மதிலோரம் பிள்ளைகள் வைத்த கறிவேப்பிலை, முருங்கை, செம்பருத்தி அத்தனையையும் பிடுங்கி பேவர் பிளாக் பதித்துவிட்டார்கள். அதே வாரம் ஒன்றாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம்: தாவரங்களின் பயன்கள், சார்ட்டில் படம் ஒட்டி வரவும்.

செடி இல்லாமல் செடியைப் பற்றிப் பாடம் நடத்த முடியாது. இதைத்தான் கேட்டேன், வேறெதுவும் கேட்கவில்லை.

என் மகள் வீட்டுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, "அப்பா, எங்க செடியில இருந்த புழு எங்க போகும்?" அந்தக் கறிவேப்பிலையில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டிருந்தது. புழு சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் மாதிரி கிடக்கும். வளர்ந்ததும் இலைப்பச்சை. தொட்டால் தலைப்பக்கம் சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி நாற்றமடிக்கும். அவள் தினமும் அதைப் பார்த்தாள். இலை புழுவுக்கு, புழு குருவிக்கு என்று அவளே சொன்னாள். எந்த சார்ட்டில் இது வரும்?

செடி இருந்தால் பாம்பு வரும் என்கிறார்கள். புதர் மண்டவிடச் சொல்லவில்லையே, செடியை விடத்தானே சொன்னேன்.

ஆறு வயசுப் பிள்ளைக்கு ஒளிச்சேர்க்கை புரியுமா என்று ஒருவர் கேட்டார். ஏன் புரியாது? புல்மேல் ஒரு செங்கல்லை நாலைந்து நாள் வைத்து எடுத்துக் காட்டுங்கள். வெளிச்சம் படாத இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கும். வெயிலை வைத்துத்தான் இலை தன் சாப்பாட்டைச் செய்கிறது, அந்தச் சாப்பாட்டைத்தான் ஆடும் மாடும் நாமும் சாப்பிடுகிறோம் என்று அப்புறம் சொன்னால் போதும். சம்பா நெல் நடவுக்கு முன்னால் உரமாக மடக்கி உழுகிற தக்கைப்பூண்டுச் செடியில் ஒன்றைப் பிடுங்கி என் அப்பா எனக்கு வேரைக் காட்டினார். கடுகு கடுகாய் முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் இருக்கிற தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுப்பது அந்த முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர் என்றார். எனக்கு அப்போது என் மகள் வயசுதான். புரிந்தது.

காவிரித் தண்ணீர் குடித்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள். குறுவை எது, சம்பா எது என்று தெரியாமல் வளர்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தபோது பெரியவர்கள் வாய்விட்டு அழுதார்கள். மரம் போனால் நம் பிழைப்பும் போகும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை சீக்கிரமா மறந்துபோச்சு?

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் எழுதினேன். "வேலை இல்லாத ஆள்" என்று ஒருவர் பதில் போட்டார். பத்துப் பேர் அதற்குக் கைதட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் வயல் வைத்திருப்பவர்கள், அதுதான் வலிக்கிறது. ராத்திரி என்னைக் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். சரி, பெற்றோர் கூட்டத்துக்கு நேரில் வருகிறேன். மதிலோரம் இரண்டடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து மண் விடுங்கள். கன்று நான் கொண்டுவருகிறேன்.